காற்றுப் பெட்டியில் பதிமுகம்

அப்பா பகலில் தூங்குவதை, சாலை என்று பெயர் கொண்ட எங்கள் கடைத்தெருவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அரிசி மூட்டையில் சாய்ந்தால் தூங்குவார். டீக்கடை பெஞ்சில் கிளாஸைக் கையில் பிடித்தபடி தூங்குவார். கல்யாணப் பந்தியில் பாயசம் வந்து சேர்வதற்குள் அவர் தலை நெஞ்சில் சாய்ந்திருக்கும். குறட்டை கிளம்பியதும் பக்கத்துக் கடைக்காரர்கள், "அண்ணாச்சி வண்டிய ஸ்டார்ட் பண்ணியாச்சு" என்று சிரிப்பார்கள். அந்தச் சத்தம் நிஜமாகவே ஒரு டீசல் எஞ்சின் போலத்தான் இருக்கும். ஏறும், திணறும், சட்டென்று நின்றுபோகும், பிறகு ஒரு பெரிய உதறலோடு மறுபடி பிடித்துக்கொள்ளும். சிறு வயதில் நான் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். எஞ்சின் நிற்கும் அந்த இடைவெளியில் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

அப்பா ஓட்டியது ஒரு தானிய மண்டியின் டெம்போ. அரிசியும் பயறும் ஏற்றி நெடுமங்காடு வழியாக வித்துரா வரைக்கும் போய்க் கடைகளில் இறக்கிவிட்டு வருவார். நான் பட்டப்படிப்பு முடித்து ஒரு கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த வருடம், வித்துராவுக்குக் கொஞ்சம் முன்னால், நல்ல வெயில் நேரத்தில், அந்த டெம்போ ரோட்டை விட்டு இறங்கி மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டம் ஒன்றுக்குள் மெதுவாக நுழைந்தது. யாருக்கும் அடியில்லை. இலைகள் ஜன்னல் வழியே முகத்தில் உரசியபோதுதான் அப்பா விழித்திருக்கிறார்.

"பச்சையா இருந்துது மக்ளே," என்று வீட்டுக்கு வந்து சொன்னார். "நல்ல குளிர்ச்சியா இருந்துது. ஒரு நிமிசம் எங்கே இருக்கேன்னே தெரியல்ல."

மண்டி முதலாளி வண்டிச் சாவியை வாங்கித் தராசுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினார்.

"சாவி இங்கதான் கெடக்கும் அண்ணாச்சி. நல்லா ஒறங்கிட்டு வாரும், எடுத்துட்டுப் போரும்."

"ஒறங்குறதுதானே வே எனக்கத் தொழிலே," என்றாராம் அப்பா. கடை முழுக்கச் சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. மறுநாளிலிருந்து தராசுப் பக்கம் நின்று எடை போட்டார். வேறொருவர் அவருடைய டெம்போவைக் கிளப்பிக்கொண்டு போவதைப் பார்க்காமல் இருக்க, அந்த நேரத்தில் மட்டும் வெற்றிலைக் கடைக்குப் போய்விடுவார்.

நான்தான் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு பரிசோதனை செய்தார்கள். "வீட்டுக்கார ஆள டிவிப் பொட்டி கணக்கா ஆக்கிட்டாவ," என்று அம்மா புலம்பினாள். மருத்துவர் முடிவைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது, மூச்சு நிற்கிறது, உடம்பு பதறி எழுந்து மூச்சை இழுக்கிறது, மறுபடி நிற்கிறது. "சுருக்கமாகச் சொன்னால், உங்கள் அப்பா பல வருடங்களாகத் தூங்கவே இல்லை."

தெருவே தூங்குமூஞ்சி என்று சிரித்த மனிதர் தூங்கவே இல்லை. வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அப்பாவுக்கு இதை விளக்கினேன். "அப்போ நான் செஞ்சிட்டிருந்தது என்னது?" என்று கேட்டார்.

மூக்கில் முகமூடி மாட்டி, தூங்கும் நேரம் முழுக்கக் காற்றை அழுத்தித் தரும் ஓர் இயந்திரம் வேண்டும். அதை வைத்து ஒழுங்காகத் தூங்கி, பகலில் கண் செருகுவது நின்ற பிறகுதான் வண்டி ஓட்டலாம் என்றார் மருத்துவர்.

அந்த இயந்திரத்தை எங்கே தேடுவது? ஸ்டாச்சு சந்திப்புப் பக்கத்து மருந்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒருவர் ஆஸ்துமாவுக்கு ஆவி பிடிக்கும் கருவியைக் காட்டினார். ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை வேண்டும் என்று கேட்டார். இன்னொருவர் குறட்டைக்கு நல்ல சொட்டு மருந்து இருப்பதாகச் சொன்னார். நான் ஆங்கிலப் பெயரைத் தெளிவாகச் சொல்லி, அது இல்லை, இதுதான் வேண்டும் என்று நிமிர்ந்து நிற்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு என்றைக்குமே கூச்சம் இருந்ததில்லை.

மெடிக்கல் காலேஜ் அருகே ஒரு மாடி அறையில், சக்கர நாற்காலிகளுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கும் நடுவில், கடைசியாக அது கிடைத்தது.

"மெஷின் வாடகைக்குத் தராம் மோளே," என்றார் கடைக்காரர் மலையாளத்தில். "பக்ஷே மாஸ்க் ஒரு சைஸே உள்ளு."

அந்த ஒரு சைஸ் அப்பாவின் மூக்குக்குப் பெரிதாக இருந்தது. அதன் கீழ் விளிம்பு அவருடைய மீசை மேல் போய் உட்கார்ந்தது. மயிர்க்கால்களுக்கிடையே காற்று கசிந்து கீச்சென்று விசிலடித்தது. "குக்கர் வச்சாச்சோன்னு எழும்பி அடுக்களைக்கு ஓடினேன்," என்றாள் அம்மா. மீசையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மீசைய எடுக்கணும்னா, சாவி அந்த ஆணியிலேயே ஒறங்கட்டும்," என்றார் அப்பா.

மாடிக் கடைக்காரரிடம் திரும்பப் போனபோது, வலியசாலையில் ஒரு வீட்டுக்கும் இதே இயந்திரம் கொடுத்திருப்பதாகவும், அவர்களிடம் சின்ன முகமூடி இருக்கலாம் என்றும் சொன்னார். கோவிலை ஒட்டிய அக்ரகாரத் தெரு. கதவைத் திறந்த மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் விரிந்துவிட்டது.

"மெஷின்காரா அனுப்பிச்சாளா? உள்ள வாடி கொழந்தே. எங்காத்து மாமா மொதல்ல அதை மாட்டிண்டு படுத்துண்டப்போ நேக்குச் சிரிப்புத் தாங்கலை. தும்பிக்கையோட கணபதியே ஆத்துக்கு வந்துட்டார்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் மாமா எங்கிட்ட பேசவே இல்லை."

"இன்னமும் பேசலை," என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

மாமி பீரோவிலிருந்து சின்ன முகமூடி இருந்த ஓர் உறையை எடுத்து வந்தாள். "இது மாமா மூக்குக்குப் போறலை. எடுத்துண்டு போ. அப்பாவுக்கு மூக்கு வறண்டு எரியறதோ?"

"ஆமா மாமி."

"இவருக்கும் அப்படித்தான் எரிஞ்சுது. தண்ணி டப்பான்னு ஒண்ணு உண்டு, மெஷினோட சேத்து வெக்கறது. அதைக் கேட்டு வாங்கு." வாசல் வரை வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பப்போ வா. இதைப்பத்திப் பேச நேக்கும் ஒரு மனுஷா கெடைக்கலை. சொன்னா எல்லாரும் சிரிக்கறா."

நானும் அதுவரை யாரிடமும் பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு பல சாயங்காலங்கள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். குழாயை எப்படிக் கழுவிக் காயவைப்பது, வார் எவ்வளவு இறுக்கினால் கன்னத்தில் தடம் விழாது என்றெல்லாம், பாட்டுக் கச்சேரி பற்றிப் பேசுவதுபோல் நாங்கள் பேசுவோம்.

தண்ணீர் டப்பா கிடைத்தது. கண்ணாடி போன்ற சின்னப் பெட்டி. காற்று அதன் வழியாக ஈரமாகி வரும். அதில் காய்ச்சி வடித்த டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்று இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்து அது விற்கும் இடம் பேட்டரிக் கடை.

"வண்டிக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல. அப்பாவுக்கு."

"எந்தா, அப்பனுக்கு பேட்டரி டௌனாயோ?" என்று வாய்விட்டுச் சிரித்தார். மூச்சுக் கருவிக்கு என்று சொன்னதும் எடுத்த பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். "இது வேண்டா மோளே. மெடிக்கல்ல கேளு."

மருந்துக் கடையில் தீர்ந்திருந்தது. பூத்திலிருந்து மாடிக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "கிட்டுந்த வரைக்கும் திளப்பிச்சு ஆறின வெள்ளம் மதி," என்றார். அது கிடைக்கும்வரை கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரே போதும் என்று அர்த்தம். அதை அப்படியே அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நான் விழித்தபோது வீட்டில் ஏதோ ஒன்று குறைந்தது. வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது: எஞ்சின் ஓடவில்லை. சங்கைக் காதில் வைத்தால் கேட்குமே, அதுபோல ஒரு தூரத்துக் கடல் மட்டும் அறைக்குள் இருந்தது. அப்பாவின் காலில் வெயில் விழுந்திருந்தது. அவர் மார்பு மெல்ல உயர்ந்து மெல்லத் தாழ்ந்தது. எழுப்ப மனமில்லாமல் அம்மா காப்பியோடு கதவருகே நின்றாள். நானும் அவளோடு நின்றேன். காப்பி ஆறிப்போனது.

கண் திறந்து முகமூடியைக் கழற்றிய அப்பா எங்கள் இருவரையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எங்க படுத்திருந்தேன்?"

"வீட்டுலதான்."

"இல்ல. மழை பேஞ்ச மண்ணுல படுத்திருந்தேன்."

அப்போதுதான் தண்ணீர்ப் பெட்டியைக் கவனித்தேன். உள்ளே ரோஜா நிறத்தில் தளும்பிக்கொண்டிருந்தது.

இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் குடிக்கத் தரும் தண்ணீருக்கு அந்த நிறம்தான். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிடுவார்கள். அம்மா அதோடு ராமச்சம் என்கிற வெட்டிவேரையும் சேர்ப்பாள். ஆறிய வெந்நீர் என்று எங்கள் வீட்டில் வேறொன்று இருந்ததே கிடையாது.

"அம்மா, வெறும் தண்ணியத்தானே ஊத்தணும்!"

"வெறும் வெள்ளத்த ஒரு மனுசனுக்குக் குடுப்பாவளா? அதுவும் மூச்சுக்கு?" என்றாள் அம்மா.

மாடிக் கடைக்காரர் பெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதெந்தா, சர்பத்தோ?" அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, இந்தச் சாறெல்லாம் நெஞ்சுக்குள் போகக் கூடாது என்று கண்டித்து, வேறு பெட்டி கொடுத்தார். அதற்குள் மருந்துக் கடையில் டிஸ்டில்ட் வாட்டரும் வந்திருந்தது. எல்லாம் முறைப்படி ஊற்றி வைத்தோம்.

அப்பா முகமூடியைக் கழற்றி எறிந்தார். "காத்து இருக்கு. ஆனா அதுல ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரில படுத்த மாதிரி இருக்கு." மறுபடி எஞ்சின் ஓடத் தொடங்கியது. தராசுத் தட்டில் பயறு குவியும்போதே அவர் கண் செருகியது. முதலாளி பார்த்தும் பாராததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த மாதம் வண்டிக்கு நிரந்தரமாக வேறு ஆள் போடப்போவதாகக் கடையில் பேச்சு இருந்தது.

நான் அந்த ஆங்கிலப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தேன். ஓரிடத்தில் இயந்திரத்தின் முதுகைப் படமாகப் போட்டு, உள்ளே போகும் காற்றுக்கு ஓர் அம்புக்குறி வரைந்திருந்தார்கள். அந்தக் காற்று வேறெங்கிருந்தும் வரவில்லை, எங்கள் அறையிலிருந்துதான் போகிறது. அப்படியென்றால் பெட்டிக்குள் தெளிந்த தண்ணீர் இருக்கட்டும், அறைக்குள் ராமச்சம் இருக்கட்டும். மருத்துவரிடம் கேட்டேன். புகை வேண்டாம், இயந்திரத்துக்குள் எதுவும் போகாமல் பார்த்துக்கொள், வாசனை இருந்தால் இருக்கட்டும் என்றார். அம்மா ஒரு செம்பில் சூடாகப் பதிமுகத் தண்ணீரை ஊற்றி, அப்பாவின் தலைமாட்டில், கைபட்டுக் கவிழாத தூரத்தில் வைத்தாள். சின்ன முகமூடி மீசையைத் தொடாமல் அதற்கு மேலேயே நின்றுகொண்டது. அப்பா தூங்கினார். அந்த அம்புக்குறியைக் கண்டுபிடித்தது நான்தான் என்பதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொன்னேன்.

பிறகு கனவுகள் வரத் தொடங்கின. இத்தனை வருடமாக வர இடமில்லாமல் வெளியே காத்துக்கிடந்தவைபோல ஒவ்வொன்றாக வந்தன. காலையில் அடுக்களை வாசலில் உட்கார்ந்து அப்பா அவற்றைச் சொல்வார். அம்மா கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"சாலையில வெள்ளம் ஏறிட்டு. பயறு மூட்ட எல்லாம் ஆமை கணக்கா நீந்திப் போவுது."

"நனைஞ்ச பயறுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"சொப்பனத்துல முதலாளி கெடையாது பிள்ளே."

கண் செருகுவது நின்றது. மருத்துவர் ஓட்டலாம் என்றார். நானும் அப்பாவோடு மண்டிக்குப் போனேன். முதலாளி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒறங்கினீரா?"

"ஒறங்கினேன். சொப்பனத்துல ஒம்மையும் பாத்தேன். கடையில மீன் வித்துட்டு இருந்தீரு."

சைவச் சாப்பாட்டுக்காரரான முதலாளி, "சிவ சிவா" என்று காதைப் பொத்திக்கொண்டார். பின்னால் கை நீட்டி ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

முதல் ஓட்டத்துக்கு அம்மா என்னையும் கூட அனுப்பினாள். "பேச்சுக் குடுத்துட்டே இரு, கேட்டியா," என்று காதோடு சொன்னாள். வழியில் பேசுவதற்கு நிறைய விஷயங்களை மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. நெடுமங்காடு தாண்டியதும் அப்பாவே பேசத் தொடங்கினார். ரப்பர் மரங்களுக்கிடையே வெயில் சாய்ந்து சாய்ந்து எங்கள் மடியில் விழுந்து நகர்ந்தது. தூரத்தில் பொன்முடி மலை மேகத்துக்குள் பாதி போயிருந்தது.

"நேத்து இந்த வண்டியதான் ஓட்டினேன் மக்ளே. ரோடே இல்ல. அந்தா தெரியுதே, அந்த மேகத்துக்க மேல. டயர் சத்தம் இல்ல. பின்னால நெறைய மூட்ட இருக்கு, ஆனா வண்டிக்குப் பாரமே தெரியல்ல."

"மூட்டையில என்னப்பா இருந்துது?"

"அதத்தான் நானும் பாக்கணும்னு எறங்கினேன். கயித்த அவுத்துட்டு இருக்கேன்..."

வித்துரா சந்தை வந்துவிட்டது. வண்டி நின்றதும் கடை ஆட்கள் சூழ்ந்துகொண்டு அரிசியை இறக்கினார்கள். "அண்ணாச்சி, எங்க காணாம போயிட்டீங்க?" என்று ஒருவர் தோளில் தட்டினார். அப்பா கீழே நின்று மூட்டைகளை எண்ணிவிட்டு, டீ குடித்து, திரும்ப ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் நான் கேட்டேன்.

"அவுத்துப் பாத்தீங்களா? உள்ள என்ன இருந்துது?"

"பாக்குறதுக்குள்ள விடிஞ்சிட்டு," என்றார் அப்பா, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னைக்கு ஒறங்கிப் பாக்கணும்."