டீச்சர் எழும்வரை

வைதேகி சிங்கப்பூரில், ஈசூனில் ஒன்பதாவது மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். வாரத்தில் யாராவது அவரோடு பேசுவது செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குத்தான். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பூன் லே பள்ளிவரை ரயிலில் போய்வர முடியவில்லை. அதனால் பரதநாட்டிய வகுப்பு வீடியோவுக்கு மாறிவிட்டது. பிள்ளைகள் அவரவர் வீட்டில் ஆட, இவர் இங்கிருந்து தட்டிச் சொல்லிக்கொடுக்கிறார். எட்டுப் பிள்ளைகள், திரையில் எட்டுக் கட்டங்கள். அதற்காகப் புடவை கட்டி, பொட்டு வைத்து, மூன்றரைக்கே தயாராகிவிடுவார். என்னவோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி.

ஆடி முடித்ததும் நமஸ்காரம். மிதித்ததற்காகப் பூமியைத் தொட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒன்பதாவது மாடியில் காலடியில் இருப்பது கீழ்வீட்டு அப்துல் கையூமின் கூரை. மன்னிப்பு அவருக்கும் சேர்த்துத்தான். டீச்சர் எழும்வரை பிள்ளைகள் நகரக்கூடாது என்பது முறை. ஆனால் வைதேகியின் முழங்கால் மடங்கி நிமிர்வதற்குள் எட்டுக் கட்டங்களும் மறைந்திருக்கும். காலித் திரையில் தன் முகத்தை மட்டும் பார்க்க அவருக்கு வெறுப்பாக இருக்கும். ஒருத்தியாவது இருக்கக்கூடாதா என்று வாராவாரம் ஏங்குவார். வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடாது.

போன வாரம் நிமிர்ந்தபோது ஒரு கட்டம் இருந்தது. கண்மணி, கைகூப்பியபடி.

“போதும்மா, நீ போலாம்.”

அவள் அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை. இணைப்பு நின்று படம் உறைந்துபோயிருந்தது. இதற்கா மனசு அப்படிப் பொங்கியது என்று வைதேகிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கணினியை மூடிவிட்டு, புடவையைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டார்.

இந்த வாரம் கண்மணி எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள்.

“டீச்சர், நீங்க ஓகேவா?”

“எனக்கென்ன? உன் லைன்தான் போன வாரம் ஸ்டக் ஆயிடுச்சு.”

“இல்ல டீச்சர், நீங்கதான் ஸ்டக். குனிஞ்சவங்க எழுந்திரிக்கவே இல்ல. முட்டி வலியோன்னு பயந்துட்டேன். டியூஷனுக்கு லேட்டுன்னு அம்மா கத்துனாங்க. டீச்சர் இன்னும் எழல, எப்படிப் போறதுன்னு சொல்லிட்டேன்.”

“எவ்ளோ நேரம் நின்னே?”

“கட் ஆகுறவரைக்கும்.”

வைதேகி பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

அன்று நமஸ்காரத்துக்குக் குனிந்தவர், முழங்கால் இடம்கொடுத்தும் எழவில்லை. நிமிர்ந்தால் யாரும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். தரையில் வைத்த கையை எடுக்காமலே இருந்தார்.

“டீச்சர், மறுபடியும் ஸ்டக்கா?” என்றது கண்மணியின் குரல்.