முகத்தைப் படித்த வாயாடி

கடைசி ரூம் மிஸ் என்றால்தான் பள்ளிக்கூடத்தில் அவளைத் தெரியும். உடைந்த பெஞ்சுகளும் காற்றுப் போன பந்துகளும் அடைத்துக் கிடக்கும் அறை அது. மண்டையில் ஏறாது என்று மற்ற டீச்சர்கள் கைகழுவிய பிள்ளைகளை அங்கே உட்காரவைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கணக்குப் போடவும் பழக்குவதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. கைராசிக்காரி என்று தலைமை ஆசிரியர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். கைராசியாம், கைராசி! அதன் லட்சணம் வாயாடி வந்த பிறகுதான் தெரிந்தது.

வாயாடி மூன்றாம் வகுப்பு. பேச்சில் ஊரையே விற்றுவிடுவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு. வருஷக் கடைசியில் வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் அம்மாள் வந்து ஒரு பக்கம் படிக்கச் சொல்வார், மூன்று கணக்குக் கேட்பார், எல்லாம் பெல் அடிப்பதற்குள் முடிய வேண்டும். ஒன்று தப்பினாலும் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். அவளுடைய தம்பி இரண்டிலிருந்து மூன்றுக்கு வருகிறான். தவறினால் தம்பி பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். அப்படி உட்காருவதென்றால் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். துணி தேய்க்கும் கடையில் நாளெல்லாம் நிற்கும் அவள் அம்மா, எப்படியாவது கரையேற்றிவிடுங்கள் என்று மிஸ்ஸிடம் கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள்.

பிள்ளையும் மடமடவென்று தேறிக்கொண்டுதான் வந்தது. பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மிஸ் பல்வலியில் கன்னம் வீங்கி, முகத்தைப் பாதி மறைத்துத் துணி கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு வாயாடி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. முந்தின நாள் தண்ணீராய் ஒப்பித்த அதே பக்கம்! மிஸ்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னடி, விளையாடுறியா?"

"துணிய எடுங்க மிஸ். உங்க வாய் தெரியல."

மிஸ்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளை திக்கும்போதெல்லாம் பாவம் பார்த்து, அடுத்த சொல்லைத் தன் உதட்டில் சத்தமில்லாமல் உருட்டிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கணக்கிலும் அதே கூத்து. கூட்டலா என்று பிள்ளை தப்பாகக் கேட்டால் இவள் புருவம் தானே நெளியும். உடனே அது கழித்தலுக்குத் தாவிவிடும். பிள்ளை புத்தகத்தைப் படிக்கவே இல்லை, இவள் மூஞ்சியைத்தான் படித்திருக்கிறது. இவளுக்கே தெரியாமல் நடந்த காரியம், பிள்ளையைச் சொல்லி என்ன பயன்?

மிச்சமிருந்த நேரமெல்லாம் பின்னால் உட்கார்ந்து படிக்கவைத்தாள். வாயாடி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அழுதாள், புத்தகத்தை வீசினாள். மிஸ் விடவில்லை.

பரிசோதனை நாளில் அந்த அம்மாள் நல்ல மனசோடுதான் சொன்னார், பிள்ளை பயப்படும், நீங்கள் எதிரிலேயே உட்காருங்கள் என்று. ஜன்னலுக்கு வெளியே அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மிஸ் எதிரில் உட்கார்ந்தாள். முதல் சொல்லிலேயே வாயாடியின் கண் மேலே வந்தது. மிஸ்ஸின் உதடு அசையப் பார்த்தது. கொஞ்சம் அசைந்தால் போதும், பிள்ளை பாஸாகிவிடும். அடுத்த வருஷம் யார் உதட்டைப் பார்க்கும்?

நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைக்குப் பின்னால் போட்டாள். ஜன்னலில் அம்மாவின் முகம் கறுத்தது.

வாயாடி தொண்டையைச் செருமினாள். ஒரு சொல், ஒரு மூச்சு, இன்னொரு சொல். பக்கம் முடிய ஒரு யுகம் ஆனது, ஆனால் முடிந்தது. இரண்டு கணக்கும் சரி. மூன்றாவதை அவளே வாசிக்க வேண்டும். கூடையில் இருபத்தாறு பழம், ஒன்பது அழுகிவிட்டது, நல்லது எத்தனை? முப்பத்தைந்து என்றாள். சொல்லிவிட்டு எதிரில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். அங்கே புருவம் இல்லை. மறுபடி புத்தகத்தில் குனிந்தாள். பெல் அடித்தது, பரிசோதகர் பேனாவை மூடினார்.

"அழுகினத யாராவது சேத்துக்குவாங்களா? எடுத்துல்ல போடுவாங்க. பதினேழு மிஸ்."

நேரம் முடிந்துவிட்டதே கண்ணு என்று அந்த அம்மாள் வருத்தத்தோடு சொன்னார். ஒரே ஒரு கணக்கில் போயிற்று.

வாசலில் அம்மா மிஸ்ஸை மறித்துக்கொண்டாள். "நீங்க எதிர்ல உக்காந்திருந்தா பாஸ் ஆயிருப்பாளா?"

"ஆயிருப்பாம்மா."

"அப்புறம் ஏன் எந்திரிச்சுப் போனீங்க? பாவி, உங்கள நம்பித்தானே விட்டேன்."

மிஸ் எதையும் மறைக்கவில்லை. உதட்டைச் சொன்னாள், புருவத்தைச் சொன்னாள், வருஷம் முழுக்கத் தான் செய்த கோளாறைச் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மா கல்லாய் நின்று கேட்டாள்.

"அப்ப இன்னிக்குப் படிச்சது?"

"அது அவளாப் படிச்சதும்மா."

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"தம்பி கூடயே உக்காரட்டும்," என்றாள் கடைசியில். "இவகிட்ட நான் பேசிக் கூட்டிட்டு வரேன். ஆனா நீங்க மட்டும் இவ எதிர்ல உக்காரக் கூடாது."