வயலிலிருந்து வந்த மூத்தவன்

தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் ஜெபம். முதலில் பாட்டு, பிறகு அன்றைய வாசகம், அதன்பின் மனதில் பட்டதை ஆளுக்கொரு வார்த்தை சொல்லவேண்டும். நான் மருமகளாக வந்த கொஞ்ச நாளிலேயே மாமியாருக்குக் கண்ணில் புரை விழுந்தது. பைபிளை என் மடியில் வைத்தவர் அவர்தான். "நீ படிச்சா கோயில்ல கேக்கறமாரியே இருக்குது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே சோறு வடிக்கும்போதுகூட வாய்க்குள் நுழையாத பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பழகுவேன்.

அந்த இடத்துக்குப் போட்டி ரிஷிவந்தியத்திலிருந்து வந்தது. என் கொழுந்தன் அங்கே ஒரு பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். சிவன் கோயில் மணி கேட்டு வளர்ந்தவள், கல்யாணத்துக்கு முன்புதான் ஞானஸ்நானம் வாங்கினாள். தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று, "அத்தை, நானும் இன்னிக்கி ஒருபொழுது" என்றாள். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருப்பதற்கு அவள் அம்மா வீட்டில் அதுதான் பெயராம். மாட்டினாள் என்று எனக்குள் ஒரே குஷி.

"நம்ம வூட்டுல அத ஒருசந்தின்னு சொல்லணும்" என்று எல்லார் முன்னாலும் திருத்தினேன்.

மாமியார் சிரித்துவிட்டார். "இன்னான்னு சொன்னா இன்னா? வயிறு காயறது ஒண்ணுதானே."

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரியிடம் அவரே "இன்னிக்கி ஒருபொழுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வயிறு எரிந்தது. அவளைவிட ஒரு படி மேலே நிற்கவேண்டும் என்று, அந்த வருடத் தவக்காலத்தில் ஞாயிறு தவிர எல்லா நாளும் நான் ஒருசந்தி இருந்தேன். ஒருத்தரும் கவனிக்கவில்லை.

அவளுக்குப் படிக்கவும் சரியாக வராது, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் வாசகம் முடிந்து அவள் வாயைத் திறந்தால் போதும், வீடே அவள் பக்கம் திரும்பும். நான் சொன்னால் ஆமென் என்பார்கள். அவள் சொன்னால் "அப்புறம்?" என்பார்கள். எனக்கு அந்த "அப்புறம்" வேண்டும்.

நான் சங்கராபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். அதே தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை கல்யாண ஜவுளிக்கு ஒரு கூட்டம் வந்து இறங்க, வழக்கமான பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, மக்காச்சோளக் கொல்லை ஓரமாக நடக்கும்போதே எங்கள் வீட்டுப் பாட்டு கேட்டது. எனக்காகக் கொஞ்சம் பொறுக்கக்கூடாதா? செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றேன். பாட்டு முடிந்தது. வாசகம் ஓரகத்தியின் குரலில் ஆரம்பித்தது.

சொத்தை எல்லாம் அழித்துவிட்டு இளைய மகன் வீடு திரும்பும் பகுதி அன்று. எனக்கு அது மனப்பாடம். அப்பா ஓடிவந்து கட்டிக்கொள்ளும் இடத்தை நான் படித்தால் மாமியார் தவறாமல் அழுவார். அவள் அந்த இடத்தில் தடுமாறினாள். மாமியார் அழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

படித்து முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "விருந்துக்குன்னு கன்னுக்குட்டிய அடிச்சாங்களே அத்தை, தாய் மாடு கத்திக்கினே இருந்திருக்கும்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் இருட்டில் சிரித்தேன். வேதத்தில் மாட்டுக்கதையைக் கண்டுபிடித்துவிட்டாள் மகராசி.

"அது போவட்டும்" என்று அவளே தொடர்ந்தாள். "மூத்த புள்ள, பெரியவரு, கொல்லையில பாடுபட்டுட்டு வராரு. வூட்டுல ஒரே பாட்டு, விருந்து. இன்னா விசேஷம்னு வேலக்காரங்கிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிறாரு. அவரக் கூப்பிட ஒரு ஆளுகூடவா அனுப்பல?"

மாமியார் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, பெரியவள இன்னும் காணுமே?" என்றார்.

"பஸ்ஸு லேட்டா இருக்கும் அத்தை. அக்காவுக்கு சோறு எடுத்து மூடி வச்சிருக்கேன்."

எத்தனை தவக்காலம் அதைப் பிசகில்லாமல் படித்திருக்கிறேன்! பூசையில் சாமியார் படிப்பது போலவே, கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வராமல் நின்ற அந்த மூத்தவனின் பேச்சை எப்போதும் கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் படிப்பேன். அவனை யாரும் கூப்பிடவில்லை என்பது என் கண்ணில் பட்டதே இல்லை. அவனுக்காகப் பேசவும் அவளே வரவேண்டியிருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமியாரின் அழுகையும் அவளுக்கே போய்விட்டது.

கடைசியில் அவன் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று வேதத்தில் இல்லை. நான் போனேன். பசி. செருப்பை உதறிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நேரே அடுப்பங்கரைக்கு நடந்தேன். அவள் பின்னாலேயே வந்து தட்டின் மூடியை எடுத்தாள்.

"சீக்கிரம் போடு. காலைலருந்து நான் ஒருபொழுது" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.