ஐந்து கட்டை என்று சொன்னேன்

எஸ்தரின் குரலைக் கெடுத்தது நான்தான். அவள் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. இத்தனை வருடங்களில் இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாததால்.

எழுபத்தாறாம் ஆண்டு. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி. நாங்கள் இருவரும் பி.யூ.சி. முடித்திருந்தோம். நான் உசிலம்பட்டிப் பக்கம், மானாவாரி விவசாயி வீட்டுப் பெண். அவள் பசுமலை, அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். ஒரே பாட்டு வகுப்பில், ஒரே பாயில் உட்கார்ந்து கற்றவர்கள். பட்டப்படிப்புக்கு இருவருமே இசையை முதன்மைப் பாடமாகக் கேட்டிருந்தோம். குரல் தேர்வன்று காலையில்தான் தெரிந்தது, மிச்சம் ஒரே ஓர் இடம்! கிடைக்காதவள் வரலாறு எடுத்துக்கொண்டு, இசையைத் துணைப்பாடமாகப் படிக்கலாமாம்.

அவள் பாடினால் அந்த இடம் அவளுக்குத்தான். என் பாட்டு மோசமில்லை... ஆனால் அவள் பாடியபின் என் பாட்டு யாருக்கும் நினைவிருக்காது.

முதலில் நான் பாடினேன். சுமாராக. பிறகு, அவளுக்குச் சுருதிப்பெட்டி போட நானே உட்கார்ந்தேன். அவள் பாடுவது எப்போதும் ஐந்து கட்டைச் சுருதியில். நான் ஒரு கட்டை ஏற்றி ஆறில் வைத்தேன்.

கை நடுங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை! அதுதான் இன்றும் என்னைத் தின்கிறது.

எஸ்தர் புருவம் சுருக்கினாள். என் பக்கம் குனிந்து, “என்னடி, சுருதி கூட இருக்குல்ல?” என்றாள்.

“அஞ்சுதான்டி. பயத்துல உனக்கு அப்படித் தெரியுது. பாடு.”

நம்பினாள். தன் காதைவிட என்னை நம்பினாள்!

கீழே சமாளித்தாள். மேல் ஸ்தாயியில் குரல் கீறியது. மறுபடி முயன்றாள், உடைந்தது. தேர்வாளர்கள் வெளியூர்க்காரர்கள், அவள் வழக்கமாக எந்தச் சுருதியில் பாடுவாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? “போதும்மா” என்றார் ஒருவர். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இடம் எனக்குக் கிடைத்தது. கிடைக்காவிட்டால் ஆவணியில் என்னை மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள், அந்தப் பயத்தில் செய்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! வரலாறு படித்திருந்தாலும் அந்தக் கல்யாணம் தள்ளித்தான் போயிருக்கும். எனக்கு வேண்டியிருந்தது, ஒரு தடவையாவது அவளுக்கு முன்னால் நிற்பது. அவ்வளவே.

எஸ்தர் வரலாறு எடுத்தாள். இசையைத் துணைப்பாடமாகக்கூட எடுக்கவில்லை.

“பாதிப் பாட்டு எதுக்குடி எனக்கு? தொண்டை இம்புட்டுத்தான்னு தெரிஞ்சுபோச்சுல்ல.”

சர்ச் பாடகர் குழுவிலிருந்தும் விலகிவிட்டாள். மூன்று வருடம் ஒரே கட்டடம். அவள் மாடியில், நான் கீழே. படிக்கட்டில் தினமும் எதிர்ப்பட்டாள். தினமும் சிரித்தாள். ஒரு நாளாவது சொன்னேனா?

பட்டம் வாங்கினேன், பாட்டு டீச்சர் ஆனேன்.

ஒன்பது வருடம் கழித்து, பெரியார் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கையைப் பிடித்தபடி ஆறு வயது மகள்.

“இவ சண்டே ஸ்கூல்ல பாடுறாடி. பாட்டு கிளாஸ்ல சேத்துவிடுங்கன்னு எல்லாரும் சொல்றாக. நான்தான் வேணாம்னுட்டேன். என் தொண்டைதானே இவளுக்கும் இருக்கும்? நாலு பேரு முன்னாடி உடைஞ்சா, பச்சப்புள்ள... தாங்குமா?”

நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நீதான் பக்கத்துலயே இருந்தியே. அன்னைக்கு என் குரல் எப்படிப் போச்சுன்னு கேட்டேல்ல?”

சொல்லிவிடு... இப்போதாவது சொல்லிவிடு!

“கேட்டேன்டி” என்றேன்.

எஸ்தர் தலையாட்டினாள். பசுமலை பஸ் வந்தது. சிறுமி ஜன்னலோரம் இடம் பிடித்து எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

அந்தப் பிள்ளை பிறகு பாடினாளா, இல்லையா... நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.