நாற்பது வயலினும் ஒரு டெலிபோனும்

போன வாரம் சிறுவீட்டுப் பொங்கலுக்குக் கல்லிடைக்குறிச்சி மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் கரும்பு இல்லை... ஒரு ஃப்ளாப்பி இருந்தது.

சின்னப் பெண்கள் மண்ணில் குட்டி வீடு கட்டி, பொங்கலிட்டு, கும்மியடிக்கிற பண்டிகை அது. அந்தக் கும்மி மெட்டை எடுத்து நாற்பது வயலின், புல்லாங்குழல், ட்ரம், முடிவில் கோயில் மணி — எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே வாசிக்கிற மாதிரி ஆர்கெஸ்ட்ரா பண்ணியிருந்தேன்.

எதற்கு இந்த வேண்டாத வேலை? மாமா ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். என்னைப் பற்றி யார் கேட்டாலும், "மாப்ளையா? ஏதோ பொட்டி தட்டுதாரு" என்பார். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு 'நல்லாருக்கு' வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வீடு நிறையப் பெண்கள் வட்டமாக நின்றார்கள். மைத்துனனின் கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பியைப் போட்டேன்.

ஒரு விஷயம். ஃப்ளாப்பியில் சத்தம் கிடையாது. இன்ன நம்பர் வாத்தியம், இன்ன ஸ்வரம் என்ற குறிப்பு மட்டும்தான். சத்தம் போடுவது அந்தந்தக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு. மைத்துனன் கார்டில் நம்பர் வரிசையே வேறு என்று எனக்கு எப்படித் தெரியும்?

வயலின் வர வேண்டிய இடத்தில் டெலிபோன் மணி அடித்தது.

மாமா எழுந்து போய் ரிசீவரை எடுத்தார். "ஹலோ... யாரு பேசுதது?" வைத்தார். மறுபடி எடுத்தார். "ஏலே, எடுத்த பொறவும் மணி அடிக்கு" என்று மைத்துனனை முறைத்தார்.

அடுத்து புல்லாங்குழல். ஹெலிகாப்டர் வந்தது. கும்மி கலைந்து எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். "மந்திரி யாரும் வாராவளோ?" என்று அத்தை வானத்தைப் பார்த்தார். ட்ரம்முக்குப் பதில் துப்பாக்கி வெடித்ததும் அவசரமாக உள்ளே வந்துவிட்டார்.

எனக்கு அழுகை வராத குறை. பதற்றத்தில் எந்தப் பட்டனை அமுக்கி நிறுத்துவது என்பதே மறந்துபோயிற்று.

கடைசியாகக் கோயில் மணி. அந்த நம்பரில் இருந்தது... பலத்த கைதட்டல்.

முடிந்தது. மாமா ரிசீவரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வீடே அவர் முகத்தைப் பார்த்தது.

"மாப்ளே, இதுவா நீங்க போட்ட பாட்டு?"

"ஆமா மாமா."

"கடைசில அத்தனை பேரு கை தட்டுதாவல்லா... அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும். நமக்குத்தான் வெளங்கல."

கல்லிடைக்குறிச்சி வாசகர்களே, தயவுசெய்து இந்த வார இதழை யாரும் மாமா கையில் கொடுத்துவிடாதீர்கள்.