டோக்கனுக்கு நின்ற பெரட்டு

ஒரு பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். அதை நம்பி அவள் நல்ல வேலையொன்றை விட்டாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனி வயதில்லை.

மலேசியாவில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரஸ்ஸரின் மகள் அவள். ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் இருந்தாள். பிளாக்செயினில் இயங்கும் ஓர் ஏஐ தளம், தன் தமிழ்ச் செயலியை நடத்த அவளை அழைத்தது. கேட்டால் பதில் சொல்லும், கடிதம் எழுதித் தரும் செயலி. தினமும் திறந்தால், காசாக மாற்றக்கூடிய ஒரு டோக்கன் கிடைக்கும்.

தோட்டம் மூடிய பிறகு ஈப்போ, தெலுக் இந்தான், லூமுட் என்று சிதறியவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. செயலியைப் பரப்பச் சொல்லி அந்த நிறுவனத்தார் என்னிடம் வந்தபோது பெருமையாக இருந்தது. என் அப்பா தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். அதுதான் பெரட்டு. அதே தோரணையில் நானும் தினமும் காலை ஆறரைக்குக் குழுவில் எழுதினேன்: “பெரட்டு! எல்லாரும் வந்தாச்சா?”

வந்தார்கள். திறந்தார்கள், டோக்கனை எடுத்தார்கள், மூடினார்கள். ஒருவரும் அதனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

முடிவெடுக்குமுன் அவள் என்னிடம் வந்தாள்.

“மாமா, கம்பெனிக்காரங்க காட்டுற நம்பர எல்லாருந்தான் காட்டுவாங்க. நீங்க சொல்லுங்க. நம்ம ஆளுங்க நெசமாவே யூஸ் பண்றாங்களா?”

“தினமும் அறுபது பேரும்மா. ஒரு நாள் தவறாது.”

“எதுக்கு யூஸ் பண்றாங்க?”

அந்த இடத்திலாவது நான் நின்றிருக்கலாம். “எல்லாத்துக்கும்தான்” என்றேன்.

அவள் அங்கே சேர்ந்த சில மாதங்களில் டோக்கன் நின்றது. மறுநாள் என் பெரட்டுக்கு மூன்று பேர். அடுத்த வாரம் யாருமில்லை. நிறுவனம் தமிழ்ப் பிரிவை மூடியது. மருத்துவமனையில் அவள் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டிருந்தார்.

அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப அறுபது பேரும் பெரட்டுல நின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. மரம் சீவ ஒருத்தரும் போகல. அதானே?”

“ஆமாம்மா.”

“அப்படி நின்னவனுக்கு உங்கப்பா சம்பளம் போட்டிருப்பாரா?”

போட்டிருக்க மாட்டார். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

குழுவிலும் என் பொய்யை ஒளிக்காமல் எழுதினேன். லூமுட்டிலிருந்து ஒருவர் பதில் போட்டார்: “எங்களுக்கு அது வெளையாட்டு லா அண்ணே. நீங்கதான் வேலை வாங்குற மண்டோர் மாதிரி மெரட்டிக்கிட்டு இருந்தீங்க.” சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன.

பிறகு இன்னொரு தளம் அவளை அதே மாதிரி வேலைக்கு அழைத்தது. இந்த முறை நானே பார்த்துச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். பத்துப் பேருக்கு அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்து, ஒருமுறை விளக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பெரட்டு இல்லை, டோக்கன் இல்லை. ஒரு மாதம் கழித்து வீடு வீடாகப் போய், அனுமதி கேட்டுக் கைப்பேசிகளைப் பார்த்தேன். ஒன்பது பேர் முதல் நாளோடு சரி. தெலுக் இந்தானில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் மட்டும் பதினொரு முறை திறந்திருந்தார். வீட்டு நிலம் பற்றி நில அலுவலகத்துக்கு மலாயில் கடிதம் எழுத. தவறாக எழுதியதற்காக இரண்டு முறை அதைத் திட்டியும் இருந்தார்.

எல்லாவற்றையும் தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள்.

“ஒருத்தர்.”

“ஒருத்தர்தாம்மா. ஆனா...”

“ஆனாவெல்லாம் வேணாம். இந்த ஒருத்தர் நெசம். அது போதும் எனக்கு, முடிவெடுக்க.”

அந்த வேலைக்கு அவள் போகவில்லை. இப்போது ஒரு சிறிய கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கிறாள், பழைய சம்பளத்தில் பாதிக்கு. அன்று தாளை மடித்து வைத்துக்கொண்டவள், என்னை வழியனுப்ப வாசல் கேட் வரை வந்தாள்.

“பாத்துப் போங்க சார்” என்றாள்.

பேசத் தொடங்கிய வயதிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டவள். அன்று முதல் சார்தான்.