வெற்றிலைத் தட்டோடு வந்த முதலாளி

சமையலறையில் பாத்திரம் அடுக்கும் இறாக்கையில் அந்த எவர்சில்வர் தட்டு ஒரு வாரம் போல இருந்தது. விளிம்பில் ஒரு பெண்ணின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். நல்ல கனம், கல்யாணச் சீரில் வருகிற சாதி. தேத்தண்ணி கொண்டுபோக வசதியாக இருந்ததால் நானும் கூச்சமில்லாமல் அதையே எடுத்துப் புழங்கினேன். அந்தப் பெயருக்கு உரியவர் யாருடைய அம்மாவோ பாட்டியோ, செத்துப் பல காலம் ஆகியிருக்கும், பழைய தட்டுத்தானே என்று எனக்கு ஓர் எண்ணம். அந்தப் பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கிறார், தட்டைத் தேடிக்கொண்டும் இருக்கிறார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அப்போது நான் மிஸ்ஸிடம் வேலை பார்த்தேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் வீதியில் மேலே ஏறுகிற ஓர் ஒழுங்கை, அதன் கோடியில் மாடி வீடு. மிஸ் எங்கள் மலையகத்து ஆள்தான். பல வருஷம் ஜேர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வீட்டோடு சேர்ந்த அலுவலகத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, ஏதோ கணக்கு வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் நாளே எதிர்க் கதிரையில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "நான் அங்க செஞ்ச தொழிலுக்கு டோமினான்னு பேரு. ஆம்பளைங்க காசு குடுத்து வருவாங்க. நான் அதிகாரம் பண்ணுவேன், அவங்க அடங்கி நடப்பாங்க. உடுப்புக் கழட்டுறது, படுக்குறது ஒண்ணும் கெடையாது. இங்கயும் அதத்தான் செய்யப் போறேன். சரின்னா இரு. இல்லாட்டி தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போ." நான் தேத்தண்ணியையும் குடித்தேன், இருந்தும்விட்டேன். அதற்கு முன் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டு வேறொன்றைச் செய்ய வைத்தார்கள். இவர் ஒருத்தர்தான் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

மிஸ் எதிலும் கறார். வருகிறவர் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்ன மேசையில் முதலில் ஃபீஸை வைக்க வேண்டும். படி ஏறும்வரை "நீங்க, வாங்க" என்பார். மாடியில் கால் வைத்ததும் "நீ". வேலை முடிந்ததென்றால் மறுபடி "நீங்க". அந்த ஒரு சொல் மாறியதும் சில பெரிய மனிதர்களுக்குத் தோள் தளர்ந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் காசை என்ன பெயரால் சொல்வது என்பதில்தான் அவருக்கு ஊரோடும் உலகத்தோடும் ஓயாத சண்டை. இந்தத் தொழிலில் இருக்கிற வெளிநாட்டுப் பெண்கள் பலர் அதைக் கப்பம், காணிக்கை என்கிற கருத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லால்தான் சொல்வார்களாம். சிலர் அன்பளிப்பு என்பார்களாம். மிஸ்ஸுக்கு இரண்டும் பிடிக்காது. "பல்லுப் புடுங்குற டொக்டருக்குக் காணிக்கையா வைக்கிறோம்? ஃபீஸ்தானே குடுக்கிறோம்?" என்பார். இன்னொரு பக்கம், காசு வாங்குகிறவள் அசல் இல்லை, அசலாக அதிகாரம் பண்ணுகிறவளுக்குக் காசு எதற்கு என்று ஃபோனில் எழுதி அனுப்புகிற ஆண்கள். அவற்றை வாசிக்கும்போது மிஸ்ஸின் முகம் சுருங்கிவிடும். வாடகை வாங்குகிற வீட்டுக்காரரிடமும் இப்படித்தான் அசலா என்று கேட்பார்களா என்று என்னிடம் கத்துவார், ஏதோ நான்தான் எழுதி அனுப்பியது மாதிரி. ஊர்ப் பேச்சு இதைவிட மோசம். கடைத்தெருவில் ஒரு பெண்மணி என் காது படவே "காசுக்காகத்தானே" என்றாள். காசுக்காக இல்லாமல் அவள் புருஷன் அரசாங்கக் கச்சேரியில் என்ன சேவையா செய்தான் என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முதலாளி வந்தது இந்த நிலவரத்தில். தெல்தெனியவில் ஹார்ட்வெயார் கடை. கடையில் அவர் இருமினால் பையன்கள் ஓடுவார்களாம். அவர் இந்த விஷயத்தைப் பற்றி ஃபோனில் ஏதோ ஆங்கிலப் பக்கத்தில் படித்திருக்கிறார். அதில், கட்டணம் என்ற பேச்சையே எடுக்காதே, பணிவோடு காணிக்கை கொண்டு போ என்று எழுதியிருந்ததாம். காணிக்கையை எப்படிக் கொண்டுபோவது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? வீட்டு அலுமாரியிலிருந்து நல்ல தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், ஒரு முழம் பூ, மேலே காசு என்று ஒழுங்காக அடுக்கி, ஒரு புதுத் துவாயால் மூடிக் கொண்டு வந்துவிட்டார். கடையின் பெயர் எழுதிய வேனை ஒழுங்கையில் நிறுத்தினால் மாட்டிக்கொள்வோமே என்று பயந்து, அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மடவளை வழியாக வரும் பஸ்ஸில் வந்திருக்கிறார். வேன் தெரியக்கூடாதாம், தட்டு தெரியலாமாம்!

மிஸ் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை விழுங்கினார். காசை மட்டும் எடுத்து மேசையில் வைத்தார். "இது என் ஃபீஸ். மத்தத நீங்க வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். திரும்பிப் போகும்போது முதலாளிக்குத் தட்டைக் கொண்டுபோகத் தைரியமில்லை. "தங்கச்சி, பழத்த நீங்க சாப்புடுங்க" என்று தட்டை என் கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடிவிட்டார். பழம் நன்றாகவே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் முதலாளி இரண்டாம் முறை வந்து மாடிக்குப் போன கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். ஒரு அம்மா நின்றார். வெயிலில் நடந்து வந்த முகம், அழுது வீங்கிய கண். நான் யாரென்று கேட்பதற்குள் வாசலில் கிடந்த ஆண் செருப்பைப் பார்த்துவிட்டார். அதைப் பார்த்ததும் அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் பதறி உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கோப்பையைத் தொடவில்லை. தட்டின் விளிம்பையே பார்த்தார்.

"இது என் தட்டு" என்றார்.

நான் தட்டைக் கோப்பையோடு மேசையில் வைத்தேன். "எங்கம்மா எனக்குச் சீராக் குடுத்த தட்டு, தங்கச்சி. இதுலயே வெத்தல பழம் பூ வச்சுக் கொண்டாந்து இன்னொருத்திக்குப் பரிசம் போட்டிருக்காரு. பஸ்ஸுல பாத்த பொம்பளைங்க வந்து சொல்றாங்க, ஒம் புருஷன் பொண்ணு கேட்டு இந்த ஒழுங்கைக்குள்ள போறாருன்னு. நான் மூணு புள்ளைங்களோட எங்க போவேன்?" என்று சொல்லி, குரலே எழும்பாமல் அழுதார். வருகிறவர்களைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது அந்த வீட்டின் முதல் சட்டம். அந்த அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். மனதுக்குள் முதலாளியை நாலு வார்த்தை நன்றாகத் திட்டினேன்.

மிஸ் பாதிப் படியில் நின்று கேட்டுவிட்டார். அப்படியே திரும்பி மேலே போனார். கதவு திறந்திருந்ததால் அவர் பேசியது கீழே கேட்டது. "முதலாளி, எந்திரிங்க. இன்னைக்கு வேல முடிஞ்சிது. கீழ ஒங்க சம்சாரம் வந்துருக்காங்க. நான் ஒண்ணும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். சொல்றதும் விடுறதும் ஒங்க விருப்பம்."

முதலாளி இறங்கி வந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். முழங்கால் இரண்டிலும் உள்ளங்கைகளிலும் சிவப்புத் தரைப் பாலிஷ். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் இங்க தரை தேய்க்கிறேன்" என்றார்.

"என்னாது?"

"மிஸ் சொல்லுவாங்க, நான் தேய்ப்பேன். சரியில்லைன்னா திட்டுவாங்க. மறுபடி தேய்ப்பேன். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல, சாமி சத்தியமா."

"கடைய வுட்டுட்டு இங்க வந்து சம்பளத்துக்குத் தரை தேய்க்கிறீங்களா?"

"சம்பளமில்ல. நான்தான் குடுக்கிறேன்."

அந்த அம்மா மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். "இவர்கிட்ட நீங்க காசு வாங்குறீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மிஸ் எத்தனையோ பேர் வாயால் எத்தனையோ தொனியில் கேட்டுப் பழகியவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஆமா. ஃபீஸ். வைக்காம யாரும் படி ஏற முடியாது."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். வைக்காட்டி நாளைக்கே கதவத் தொறக்க மாட்டேன்."

"அப்ப ஒங்களுக்கு இவரு மேல..."

"ஒண்ணுமில்லம்மா. அவர் வீடு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது."

அந்த அம்மா மூச்சை விட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு அழுகையும் சிரிப்புமாக ஏதோ வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல குடிச்ச கோப்பையக்கூட எடுத்து வைக்க மாட்டாரு, தங்கச்சி" என்றார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். "எனக்கு இது வெளங்கல, புடிக்கவும் இல்ல. வீட்டுக்குப் போயி பேசிக்கிறோம்" என்று புருஷனிடம் கண்டிப்பாகத்தான் சொன்னார். ஆனால் கதவைத் தட்டியபோது இருந்த முகம் இல்லை. முதலாளி கைகால் கழுவி வந்தார். அவரும் ஏதோ பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் போல இருந்தார்.

இப்போது மிஸ் மறுபடி ஜேர்மனியில். நான் கண்டி டவுனில் ஒரு டிக்கெட் போடும் அலுவலகத்தில் இருக்கிறேன். அங்கே பெண் பிள்ளைகள் ஃபோனில் இப்படி ஏதாவது பார்த்தால், "காசு குடுத்துத் திட்டு வாங்குவாங்களா?" என்று கூடிச் சிரிப்பார்கள். போன மாதம் தெல்தெனியவுக்குப் போனபோது அந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். காசு மேசையில் முதலாளியின் சம்சாரம், அந்த அக்காதான் இருந்தார். என்னைக் கண்டதும் ஓரமாகக் கூப்பிட்டு, "இப்ப வீட்டுலயும் தேய்க்கிறாரு. ஆனா நான் திட்டுனா சரிவரலையாம், எனக்குச் சிரிப்பு வந்துருதுன்னு கோவிக்கிறாரு" என்று கிசுகிசுத்தார். இன்னும் வேறு எங்கேயாவது போகிறாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புறப்பட்டபோது நான் தட்டைத் துடைத்துக் கொடுத்தேன். அந்த அக்கா அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, படி இறங்கப் போனவர், திரும்பி வந்து மிஸ்ஸின் எதிரில் நின்றார். "நீங்க காசு வாங்குனதுக்கு ரொம்ப நன்றி, மிஸ்" என்றார். அவர்கள் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை மிஸ் வாசலிலேயே நின்றார். பிறகு மாடிப் படியில் உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனேன்.

"இத்தன வருஷத்துல நான் காசு வாங்குனதுக்கு நன்றி சொன்ன மொத ஆளு இவங்கதான்டி" என்றார்.